தறிக்குப் போன பாக்கெட்டுகள்

விடியற்காலை ஐந்து மணிக்குக் குழித்தறியில் உட்காருகிறவனுக்கு முதலில் மரத்துப்போவது கால்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கத் தொடங்கினால், மண்ணின் ஈரம் எலும்பு வரைக்கும் ஏறும். அரை மணி நேரத்துக்குக் கட்டைவிரல் நம்முடையதா என்றே தெரியாது. அப்புறம் தோள் எரியும். பத்து மணிக்கு மேல் கண். பட்டையும் ஜரிகையையும் பார்த்துப் பார்த்து, சோற்றுத் தட்டைப் பார்த்தாலும் கோடு கோடாகத் தெரியும். ஆரணியில் எங்கள் தெருவில் அப்போது முப்பத்தெட்டுத் தறிகள். அத்தனையும் ரங்கசாமி முதலாளியுடையவை. தறி இருந்த வீடுகளும் அவருடையவைதான். கையும் காலும் மட்டும் எங்களுடையவை.

நான் வேடியப்பன். நெசவாளர் சங்கத்துக்கு எங்கள் தெருச் செயலாளர். மேடையில் ஏறினால் முதலாளி வர்க்கத்தை நார் நாராகக் கிழிப்பேன். நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைக் கிழிக்கலாம். தடுக்க மாட்டேன்.

எண்பத்தாறாம் வருஷத்து மழைக்காலம். ஈரத்தில் நாடா திக்கும். ஊடை நூலைச் சுமந்துகொண்டு நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளுக்கு நடுவே இப்படியும் அப்படியும் ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. அது திக்கினால் இழை அறும். இழை அறுந்தால் ஒரு நாள் போகும். எண்ணெய் தடவலாம்தான். ஒரு சொட்டுக் கறை பட்டில் இறங்கிவிட்டால் புடவையே நம் தலையில் விழும். அந்தச் சமயத்தில்தான் ஜினமதி சிஸ்டர் சைக்கிளின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். தேசூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். எங்கள் பகுதிக்குச் சுகாதார நர்ஸ். பெட்டி நிறைய நிரோத் ஆணுறைகள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் இனாமாகக் கொடுப்பது. தெருவில் ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். செயலாளர் ஆயிற்றே, பெட்டி என் வீட்டுக்கு வந்தது.

புதிதாக வந்த அந்தச் சரக்கில் வழவழவென்று ஒரு பசை இருந்தது. அதை நாடாவின் அடியில் தேய்த்தால் கறையும் படியாது, நாடாவும் பறக்கும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு பாக்கெட் தேய்த்தால் நாள் முழுக்கத் தாங்கும். ஒரே மாதத்தில் பெட்டி காலி. அடுத்த பெட்டியும் காலி. நோட்டில் முப்பத்தெட்டு வீட்டுக் கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழுந்தன. என் மனைவி கன்னியம்மாள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யே! இத்தப் பாத்தா இந்தத் தெரு ஆம்பளைங்களுக்கு வேற வேலையே கெடையாதுன்னு இல்ல நெனச்சுக்குவாங்க!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. பத்து நாளில் இறங்கிய புடவை எட்டு நாளில் இறங்கியது. ரங்கசாமி முதலாளி என் தறிக்கு வந்து நாடாவை எடுத்து அடிப்பக்கம் விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மூளைப்பா ஒனக்கு" என்று தோளில் தட்டினார். அடுத்த மாதமே கூலியைக் குறைத்தார். நாங்கள் பத்துப் பேர் போய் நின்றோம்.

"எட்டு நாள்ல எறக்குறீங்க இல்ல? அப்ப எட்டு நாள் கூலிதான்."

"புடவ அதே புடவதானேங்க? ஒரு இழ கொறஞ்சிதா?" என்றேன்.

"நாடா ஓடுறது ஒன் தெறமையில இல்ல வேடியப்பா, சர்க்கார் பாக்கெட்டுல. ஒனக்கு வேணுங்கிறத சர்க்கார்ல போயி கேளு."

எந்த வாயோடு போய்க் கேட்பது? எங்கள் திருட்டு எங்கள் வாயை அடைத்துவிட்டது. ஏழை வீட்டு உடம்புக்கென்று அரசாங்கம் கொடுத்த மானியம், எங்கள் கையாலேயே முதலாளியின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கக் கூட்டத்தில் நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் பேசவில்லை.

இனி வீரன் விஷயம்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான். இருபத்தாறு வயசு, கை வேலை சுத்தம். மனைவி ஆதிலட்சுமி அப்போது ஆறு மாசம். முதலாளி தனியாக ஏஜெண்ட் வைக்காமல், முறை போட்டு எங்களில் ஒருவனைப் புடவைக் கட்டோடு பெங்களூருக்கு அனுப்புவார். கடைக்காரன் சரக்கை எடுத்துப் பணம் தருகிற வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். ஒரு அறையில் எட்டுப் பேர், மூட்டைப்பூச்சி, கீழே சாராயக் கடை, பக்கத்துச் சந்தில் பெண்கள். போனவர்களுக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

வீரனின் முறை வந்த அன்று காலையில் தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, பத்துப் பேர் இரண்டு பக்கமும் நின்று சிக்கெடுப்பது. கையில் துணிப்பையோடு வந்தவன் என் காதருகே குனிந்தான்.

"ணா, ரெண்டு பாக்கெட் குடேன்."

"எதுக்குடா? நீதான் ஊருக்குப் போற, ஒன் நாடா சும்மாதான கெடக்கப் போவுது?"

"அதுக்கு இல்லணா..."

அவன் எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த பெட்டியில் நிறையவே இருந்தது. மழை இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே, தறிக்கு வேண்டுமே என்று கணக்குப் போட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்: "வயித்துப் புள்ளக்காரி வூட்டுக்கு இது இன்னாத்துக்குடா? அதான் ஆறு மாசமாச்சே!"

பாவு பிடித்திருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். இழைகள்கூட ஆடின. வீரனும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பாக்கெட் இல்லாமலே பஸ்ஸுக்குப் போனான்.

திரும்பி வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஒரு வைத்தியனிடம் லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். கேட்டால் உடம்புச் சூடு என்றான். மாசியில் ஆதிலட்சுமிக்கு வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தையின் இமைகள் வீங்கின. கன்னியம்மாள் போய்த் தாய்ப்பால் விட்டுப் பார்க்கச் சொன்னாள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஐந்தாம் நாள் ஜினமதி சிஸ்டர் வந்தார். இமையைப் பிரித்தார். சீழ் வழிந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயையும் இழுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்கு ஓடினார்.

இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண் போய்விட்டது.

பத்து நாள் கழித்து சிஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கன்னியம்மாள் கொடுத்த காபியைத் தொடவில்லை.

"இது வெட்டை நோய்ங்க. வீரன்கிட்ட இருந்து அந்தப் பொண்ணுக்கு. பொறக்கும்போது அந்தப் பொண்ணுகிட்ட இருந்து கொழந்த கண்ணுக்கு. மூணு பேருக்கும் மருந்து குடுத்தாச்சு. தெருவுல இன்னும் யார் யாருக்கு இருக்கோ? பெங்களூர் போறவங்க கையில பாக்கெட் இருக்கணும்ங்க. நோயத் தடுக்கறதுக்குன்னே தனியா வேணும்னு ஆபீஸ்ல எழுதிக் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'அந்தத் தெருவுல எல்லா வூட்லயும் தெனம் உபயோகிக்கிறாங்க, நோட்டு சொல்லுது. அங்க நோய் எப்படி வரும்?'னு கேக்கறாங்க."

நோட்டு அலமாரியில் இருந்தது. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்ணா. நாடாவுல தடவறது ரொம்ப நாளாவே தெரியும். டார்கெட் ஆயிடுச்சேன்னு கண்ண மூடிக்கினேன்."

அவர் அழுதார். எனக்கு அழக்கூட வக்கில்லை.

சேதி முதலாளி காதுக்குப் போயிற்று. வீரனைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் தறியையும் வீட்டையும் காலி செய் என்றார். "முகூர்த்தப் புடவடா இது. சீக்குக்காரன் கை பட்டதுன்னு தெரிஞ்சா எவ வாங்குவா?" ஒரு கண் போன பதினைந்து நாள் குழந்தையோடு அவர்கள் எங்கே போவார்கள்? நான் வீரன் வீட்டுக்குப் போனேன். வீரன் பாதி நெய்த புடவையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆதிலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "தப்பு எம்மேலதாம்மா" என்றேன்.

அவள் திரும்பாமலேயே பேசினாள். "அன்னிக்கு நீங்க சிரிச்ச சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுதுங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம நானும் சிரிச்சேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவுக்குப் பாராட்டு விழா. கேலி இல்லை, நிஜம். சின்னக் குடும்பத்துக்குச் சிறந்த தெரு என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். முதலாளியின் பட்டறை வாசலில் பந்தல். தலைமை முதலாளி. சுகாதாரத் துறை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சிறந்த தொண்டர் என்று எனக்கு ஒரு சால்வையும் எவர்சில்வர் குடமும். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். திறந்தால் பாக்கெட் நின்றுபோகும், நாடா திக்கும், எட்டு நாள் புடவை மறுபடி பத்து நாளாகும். குறைத்த கூலியை அவர் ஏற்றித் தரவா போகிறார்? முப்பத்தெட்டு வீட்டுச் சோறு. சிஸ்டரின் வேலையும் போகும். ராத்திரி முழுக்க இதையே நினைத்திருந்தும் முடிவு எதுவும் இல்லாமல்தான் மேடை ஏறினேன்.

அதிகாரி சால்வையை விரித்தார். பந்தலின் கடைசியில் ஆதிலட்சுமி குழந்தையோடு நிற்பதைப் பார்த்தேன். சால்வையைக் கையால் தடுத்துவிட்டேன்.

"சார், இந்த நோட்டு பொய். ஒரு பாக்கெட்கூட எந்த வூட்லயும் போயி சேரல. எல்லாம் தறிக்குப் போச்சு. நாடாவுல தடவுனோம். அத்த ஆரம்பிச்சவன் நான்."

முதலாளி எழுந்தார். "குடிச்சிட்டு வந்திருக்கான் சார்."

"குடிக்கல. ஒங்களுக்கும் தெரியும். நாடாவ எடுத்துத் தேச்சிப் பாத்துட்டுத்தானே ரெண்டு நாள் கூலிய வெட்டுனீங்க? சர்க்கார் எங்க உடம்புக்குக் குடுத்தத நாங்க ஒங்க தறிக்குப் போட்டோம். கேட்டு வந்தவனுக்கு ரெண்டு பாக்கெட் இல்லன்னு சொன்னேன் சார். தோ, அந்தக் கொழந்தைக்கு ஒரு கண்ணு போச்சு."

அதிகாரியின் முகம் சிவந்தது. "பொய் ரெக்கார்டு எழுதினதுக்கு உன்னை உள்ள தள்ள முடியும், தெரியுமா? இது குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம். கல்யாணமானவங்களுக்கு. கண்ட இடத்துக்குப் போறவனுக்கெல்லாம் சர்க்கார் பணத்துல வாங்கிக் குடுத்தா ஜனங்க காறித் துப்ப மாட்டாங்களா?"

"காலராவுக்கு ஊசி போட வந்தீங்களே சார், எவன் எந்தக் கொளத்துத் தண்ணியக் குடிச்சான்னு கேட்டுகினா போட்டீங்க?"

"அதும் இதும் ஒண்ணா? அது தண்ணி. இது ஒழுக்கம்."

முதலாளி பிடித்துக்கொண்டார். "அப்படிக் கேளுங்க சார். குடுத்தா, போடா போடான்னு லைசன்ஸ் குடுத்த மாதிரி."

பெண்கள் பக்கத்திலிருந்து, நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைத் தார் சுற்றுகிற பூங்காவனம் எழுந்தாள். ஐம்பது வயசுக்காரி, நறுக்கென்று பேசுகிறவள். எங்களுக்காகப் பேசுவாள் என்று பார்த்தால், "முதலாளி சொல்றதுல இன்னா தப்பு? கையில குடுத்து அனுப்புனா இவனுங்க பயமில்லாம போவானுங்க இல்ல?" என்றாள். பல பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆதிலட்சுமி முன்னால் நடந்து வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, நடை தள்ளாடியது. வீரன் பிடிக்க வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"குடுக்காதப்பவும்தான் போனாரு, அக்கா" என்றாள் பூங்காவனத்திடம். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "நான் எங்கியும் போவல சார். வூட்ல தார் சுத்திகினு இருந்தேன். இந்தப் பச்ச மண்ணு எங்க போச்சு? இன்னா ஒழுக்கம் கெட்டுச்சு? அவருக்குக் குடுக்க ஒங்களுக்கு மனசு வரலன்னா போவட்டும். எனக்குன்னு நெனச்சி குடுங்க. இதுக்குன்னு நெனச்சி குடுங்க."

குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்நெஞ்சுக்காரர் இல்லை, ஆனால் அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே ஒருவர். "எனக்கு இதுக்கு அதிகாரம் இல்லம்மா. எழுதிப் போடறேன். ஆனா பொய்க் கையெழுத்துக்கு நடவடிக்கை எடுத்தே ஆகணும். யார் யார் போட்டீங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்" என்றேன்.

"எழுதப் படிக்கத் தெரியாத கைநாட்டு பாதி இருக்குதே?"

பூங்காவனம் இன்னும் உட்காரவில்லை. முந்தானையைச் சொருகிக்கொண்டு, "என் கைநாட்டு சார் அது. வூட்டுக்காரன் செத்து ஆறு வருசமாச்சு, எனக்கு எதுக்கு அந்தக் கருமம்? வூட்டுத் தறி நாடாவுக்குத்தான் வாங்குனேன். எழுதிக்குங்க" என்றாள். அடக்க முடியாமல் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கன்னியம்மாள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர். வரிசை நீண்டது. கடைசியில் மேடையோரமாக நின்ற ஜினமதி சிஸ்டர், "நானும் தெரிஞ்சேதான் கணக்குக் குடுத்தேன் சார்" என்றார். அதிகாரி பேனாவை மூடினார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எவர்சில்வர் குடமும் அதிலேயே போயிற்று.

பந்தலிலேயே உட்கார்ந்து பேசினோம். தெரு முழுக்கப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கு யார் உத்தரவும் வேண்டாம் என்றார் சிஸ்டர். "ஆனா யாரும் வர மாட்டாங்க. வர்றவங்கள மத்தவங்க பாப்பாங்களே?"

"எல்லாரும் வந்தா?" என்று கேட்டான் வீரன். பெங்களூரிலிருந்து வந்த பிறகு அவன் நாலு பேர் நடுவில் பேசியது அன்றுதான். "எல்லாரும் நின்னா, யாருக்கு இருக்குது, யாருக்கு இல்லன்னு எவனுக்குத் தெரியும்?"

சனிக்கிழமை விடிந்தது. முப்பத்தெட்டுத் தறியிலும் ஆள் இல்லை. அவ்வளவு நிசப்தமான காலையை நான் அந்தத் தெருவில் கேட்டதில்லை. சிஸ்டர் வீரன் வீட்டுக்குள்ளேயே ஒரு மேஜையைப் போட்டு, நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார். வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை. ஆண்களும் பெண்களும் கலந்து நின்றோம். முதலாளி இரண்டு ஆட்களோடு தறியைப் பிரிக்க வந்தார். உள்ளே போக வழியில்லை.

"இன்னாடா இது?"

"வரிசைங்க" என்றேன். "நீங்களும்தானே மாசா மாசம் பெங்களூர் போறீங்க? கடசீல நில்லுங்க."

"வேலைய நிறுத்திட்டு வெளையாடுறீங்களா? எவன் தறியில ஏறப் போறான் இப்ப?"

"வீரன் தறி இங்கியே இருக்கும்னு சொல்லுங்க, வெட்டுன கூலியத் திருப்பிக் குடுங்க. பெங்களூர் போறவனுக்கு ரெண்டு நாளுக்கு மேல அங்க வேல இருக்கக் கூடாது. அப்புறம் ஏறுறோம்."

"திங்கக்கெழம போலீசோட வரேன்."

"வாங்க. அப்பவும் நிப்போம்" என்றாள் பூங்காவனம். அவர் போனார். நிச்சயம் வருவார். அதிகாரியின் கடிதம் எந்த மேஜையில் கிடக்கிறதோ தெரியாது. சிஸ்டருக்கு மாற்றல் உத்தரவு வரும் என்று பேச்சு. எதுவும் கைக்கு வந்துவிடவில்லை. வந்துவிட்டது என்று நான் மேடையில் வேண்டுமானால் சொல்லலாம், உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஆதிலட்சுமி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். மறு பரிசோதனை அவளுக்கு. இரண்டு மணி நேரமாகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் உள்ளே போயிருந்தாள். பக்கத்தில் வேறு பெண்கள் யாரும் இல்லை. சட்டென்று திரும்பிக் குழந்தையை என் கையில் வைத்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்:

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. கை கடுக்குது, அதான்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. குழந்தையோடு நானும் நகர்ந்தேன்.